‘சூடு’ என்று சொல்லி மூடி வைக்காதீர்கள்!

உங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிற மாதக் காலண்டரைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பால் எத்தனை லிட்டர் வாங்கினீர்கள், கேஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றினீர்கள், சீட்டுப் பணம் எந்தத் தேதியில் கட்ட வேண்டும்... எல்லாம் இருக்கும். பிள்ளையின் பரீட்சைத் தேதி, மாமனாரின் திதி, பக்கத்து வீட்டுக் காதுகுத்து, ஒன்று விடாமல் இருக்கும். இந்த மாதம் உங்களுக்கு மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் நீடித்தது, நடுவில் ஏதாவது பட்டதா? அது மட்டும் இருக்காது!

“கடைசியா எப்பம்மா தூரமானே?” என்று கேட்டால், “இருங்க டாக்டரம்மா... சம்பந்தி வீட்டு வளைகாப்புக்கு முந்தின நாள்... இல்லல்ல, அது போன மாசம்...” என்று இழுக்கிறார்கள். ஊர் கணக்கு, வீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் பெண்கள், தங்கள் உடம்புக் கணக்கை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் மாதவிலக்குக்கு நடுவில் எதிர்பாராமல் படுகிற ரத்தம், பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

ஸ்ரீமுஷ்ணத்தில் சித்த வைத்தியம் பார்க்கிறவள் நான். சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில், ஆண்டிமடம், விருத்தாசலம் என்று சுற்று வட்டாரத்திலிருந்து பெண்கள் வருகிறார்கள். இடுப்பு வலி, மூட்டு வலி, தலைசுற்றல் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, எழுந்து வாசல் வரை போனபிறகு திரும்பி வந்து மெதுவாகச் சொல்வார்கள்: “அப்பப்ப நடுவுல கொஞ்சம் படுதும்மா. சூடுதான்னு நெனைக்கிறேன். ஏதாச்சும் குளிர்ச்சியா குடுங்களேன்.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நடுவில் படும் ரத்தத்துக்குக் காரணம் தெரியும் முன் அதைக் கட்டுவதற்கு மருந்து சாப்பிடக் கூடாது. இங்கிலீஷ் மாத்திரையும் கூடாது. நான் கொடுக்கிற சூரணமும் கூடாது!

என்ன, சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்று பார்க்கிறீர்களா? காரணத்தோடுதான் சொல்கிறேன்.

எது ‘நடுவில்’?

முதலில் கணக்கைச் சரி செய்வோம். எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து அடுத்த விலக்கு வரை எண்ணுகிறார்கள். அது தப்பான கணக்கு. ரத்தம் பட ஆரம்பித்த முதல் நாள்தான் ஒன்றாம் நாள். அதிலிருந்து அடுத்த விலக்கின் முதல் நாள் வரை எண்ண வேண்டும். இப்படி எண்ணும்போது 24 நாளிலிருந்து 38 நாள் வரை எதுவும் இயற்கைதான். எட்டு நாள் வரை படுவதும் இயற்கைக்குள் அடங்கும்.

“மாசத்துக்கு ரெண்டு தடவை வருதும்மா” என்று பயந்துபோய் வருகிறார்கள் சிலர். விசாரித்துப் பார்த்தால் 2-ஆம் தேதி ஒருமுறை, 28-ஆம் தேதி ஒருமுறை. 26 நாள் சுற்று. இதில் பயப்பட ஒன்றுமில்லை. அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வரும் இன்னொரு பெண்ணுக்கு 2-ஆம் தேதி விலக்கு, 13-ஆம் தேதி கொஞ்சம், 19-ஆம் தேதி கொஞ்சம், 29-ஆம் தேதி மறுபடி விலக்கு. இதுதான் ‘நடுவில்’. இரண்டும் ஒன்றல்ல என்பது தேதி எழுதி வைத்தால்தான் தெரியும். விலக்கு நாட்களுக்கு ஒரு வட்டம், நடுவில் பட்டால் ஒரு புள்ளி. மூன்று மாதம் இப்படிக் குறித்தால் போதும். எந்த மருத்துவரிடம் போனாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

எல்லாமே ஆபத்தா?

இல்லை. முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீணாகப் பயந்து சாக வேண்டாம்.

சில பெண்களுக்குச் சுற்றின் நடுவில், கருமுட்டை வெளிவரும் சமயத்தில், ஒன்றிரண்டு நாள் லேசாகக் கறை படும். வயது வந்த புதிதில் இரண்டு மூன்று வருடம் சுற்று ஒழுங்கில்லாமல் இருக்கும். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் நடுவில் படலாம். அரசு மருத்துவமனைகளில் போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசிக்குப் பிறகும் அப்படித்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றிரண்டு நாள் மறந்துவிட்டாலும் படும்.

இன்னொரு காரணம் நம்மூருக்கே உரியது. மாசி மகம், குலதெய்வப் படையல், மகள் கல்யாணம் என்றால் உடனே மெடிக்கல் ஷாப்பில் “தள்ளிப்போடுற மாத்திரை குடுங்க” என்று வாங்கிச் சாப்பிடுகிறோம். அது ஹார்மோன் மாத்திரை. நிறுத்திய சில நாளில் ரத்தம் வரும். நேரம் தவறிச் சாப்பிட்டால் நடுவிலேயே படும். வருடத்துக்கு நாலு விசேஷம், நாலு முறை மாத்திரை என்றால் சுற்று எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. சாமி கோபித்துக்கொள்வாரோ இல்லையோ, உடம்பு குழம்பிப் போகும்!

இவற்றுக்கு அடுத்த வரிசையில் சிகிச்சை தேவைப்படும் காரணங்கள் இருக்கின்றன. கர்ப்பப்பை வாயில் புண், தொற்று, சின்னச் சதை வளர்ச்சி, கர்ப்பப்பைக்குள் நார்க்கட்டி, தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, ரத்தம் உறைவதில் குறை... இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் படலாம். பெரும்பாலானவை குணப்படுத்தக் கூடியவை.

மூன்றாவது வரிசையில்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும், கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயும். எண்ணிக்கையில் இது குறைவுதான். ஆனால் முதல் வரிசையில் இருப்பவருக்கும் மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கும் ஆரம்பத்தில் படும் ரத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே நிறம், அதே ரெண்டு சொட்டு! வலிகூட இருக்காது. பார்க்காமல் பிரிக்க முடியாது.

நாடி பிடித்தால் தெரியாதா?

கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு சொல்லித் தந்தார்கள். நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். உடம்பின் போக்கைப் புரிந்துகொள்ள இவை எட்டும் எனக்கு இன்றைக்கும் உதவுகின்றன. முகத்தைப் பார்த்ததும் சோகை தெரியும். நாக்கைப் பார்த்ததும் வயிறு தெரியும். ஆனால் இந்த எட்டில் எதுவும் கர்ப்பப்பையின் வாயை நேரில் பார்ப்பதில்லை. அங்கே ஒரு சின்னப் புண் இருக்கிறதா, வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று நாடி சொல்லாது. சொல்லும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சித்த நூல்கள் அதிக ரத்தப்போக்கைப் ‘பெரும்பாடு’ என்று பெயரிட்டு, வாதம், பித்தம், கபம், தொந்தம் என்று பிரித்துச் சொல்லியிருக்கின்றன. அதற்கு மருந்தும் இருக்கிறது. துவர்ப்புச் சுவை ரத்தத்தைக் கட்டும் என்பது எங்கள் பாட்டிகளுக்கே தெரியும். வாழைப்பூ, மாதுளம் தோல், அத்திப்பட்டை, மாசிக்காய், அசோகப்பட்டை எல்லாம் அந்த வகைதான்.

கட்டுகிறது என்பதில்தான் சிக்கலே! கர்ப்பப்பை வாயில் புற்று ஆரம்பித்திருக்கிற பெண்ணுக்குத் துவர்ப்பு மருந்து கொடுக்கிறோம் என்று வையுங்கள். புற்றுநோயில் படும் ரத்தம் சில வாரங்கள் தானாகவே நின்று மறுபடி வரும். அந்த இடைவெளியில் மருந்து சாப்பிட்டவர், “மருந்து கேட்டுருச்சு” என்று நிம்மதியாக நடவுக்கும் களைக்கும் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து மறுபடி படும். மறுபடி மருந்து. இப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிடும். ஆரம்பத்தில் பிடித்திருந்தால் குணமாகியிருக்கக் கூடிய நோய், இப்போது கதிர் சிகிச்சைக்கு அலைய வைக்கும். ரத்தத்தை மட்டும் நிறுத்துவதற்காக உள்ளே பார்க்காமல் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரைக்கும் இதே கதைதான். வைத்திய முறையைக் குறை சொல்லவில்லை. பார்க்காமல் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பூவராகப் பெருமாள் கோயிலில் கோரைக்கிழங்கு சேர்த்த பிரசாதம் விசேஷம். அந்தக் கோரைக்கிழங்கு, காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் சித்தர்கள் சொன்ன மருந்து. பிரசாதமே மருந்தாக இருக்கிற ஊரில் வைத்தியம் பார்ப்பதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமைக்காக ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைக்க முடியுமா? நோய் என்ன, அதன் காரணம் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே மருந்து என்பதுதான் வள்ளுவர் காலத்திலிருந்து நமக்குச் சொல்லப்பட்ட முறை. காரணத்தைக் காண இன்றைக்கு ஒரு கருவி இருக்கிறது என்றால், அதைப் பயன்படுத்துவதும் நம் முறைதான்.

உலகமே கடன்பட்ட ஒரு பெண்

1951-ஆம் வருடம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஐந்து குழந்தைகளுக்குத் தாயான ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு, விலக்கு இல்லாத நாளில் ரத்தம் பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பார்த்தபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வருடம் அக்டோபரில் அவர் இறந்துபோனார். வயது 31 மட்டுமே.

அவரைக் கேட்காமலேயே எடுத்து வளர்க்கப்பட்ட அவருடைய புற்று செல்கள் ‘ஹீலா’ என்ற பெயரில் இன்றும் உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்து, 2008-ல் நோபல் பரிசு பெற்றார் ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசன். அந்த வைரஸின் ஒரு வகை ஹென்ரியட்டாவின் செல்களிலேயே இருந்தது! அவரைக் காப்பாற்ற அன்றைக்கு மருத்துவத்தால் முடியவில்லை. இன்றைக்கு முடியும். ஆனாலும் நம் நாட்டில் என்ன நடக்கிறது?

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் யாரோ ஒருவரின் அம்மா, அக்கா, மனைவி.

திண்டுக்கல் காட்டிய வழி

இதைத் தடுக்கப் பெரிய மெஷின் வேண்டும், பெரிய டாக்டர் வேண்டும் என்று நினைக்கிறீர்களா? நம் தமிழ்நாட்டிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில் இதற்குப் பதில் கிடைத்தது.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிலையமும், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு வேலையைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களை அழைத்து, கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தவர்கள் யார் தெரியுமா? பயிற்சி பெற்ற நர்ஸ்கள்! 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து சோதனை செய்துகொண்டார்கள். திட்டு இருந்தவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. 2006 வரை கவனித்து, 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில், மற்ற கிராமங்களைவிட இந்தப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் வரும் சாவு 35 சதவிகிதமும் குறைந்திருந்தன.

ஒரு கரைசல், ஒரு டார்ச் வெளிச்சம், ஒரு நர்ஸ். ஒரே ஒரு முறை சோதனை. அவ்வளவுதான்!

அதற்குப் பிறகு தமிழக அரசும் இந்தச் சோதனையை அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொண்டு வந்தது. காசு கிடையாது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மற்ற மாநிலங்களோடு பார்த்தால் நாம்தான் முன்னால் நிற்கிறோம். நாடு முழுவதற்கும் எடுத்தால் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சிரிப்பதா, அழுவதா?

ஏன் போவதில்லை?

வெட்கம்தான் முதல் காரணம். “அங்கெல்லாம் யாரு காட்டுவா?” என்கிறார்கள். பிரசவத்தின்போது காட்டியிருக்கிறோமே தாயே! உள்ளே பார்க்கும் சோதனை ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். படுக்க வைத்து, ஒரு சின்னக் கருவியால் விரித்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் அசௌகரியம் இருக்கும், அவ்வளவே. பெண் மருத்துவரோ நர்ஸோ பார்க்க வேண்டும் என்று தைரியமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

“தீட்டோட எப்படிப் போறது?” என்பது இரண்டாவது காரணம். வழக்கமான சோதனைக்கு விலக்கு முடிந்து போவது நல்லது. ஆனால் விடாமல் படுகிறது என்றால் நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பட்டுக்கொண்டிருக்கும்போதே போங்கள். மருத்துவமனைக்குத் தீட்டு கிடையாது.

மூன்றாவது காரணம் சந்தேகம். இந்த வைரஸ் தாம்பத்திய உறவில் தொற்றுவது என்று கேள்விப்பட்டதும், “அப்ப அவரு தப்பா? நான் தப்பா?” என்று வீட்டில் சண்டை வருகிறது. வேண்டாம். இது மிக மிகச் சாதாரணமான வைரஸ். தாம்பத்தியத்தில் ஈடுபடும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடும் சிலருக்கு மட்டும், அதுவும் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, புற்றாக மாறுகிறது. எப்போது, யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

அந்தப் பத்து வருட அவகாசம்தான் நமக்குக் கிடைத்த வரம். புற்றாக மாறும் முன்பே திட்டைப் பார்த்துவிட்டால், குளிர்வித்தோ சூடுபடுத்தியோ அந்த இடத்தை மட்டும் அகற்றிவிடலாம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சாயங்காலம் விளக்கு ஏற்றலாம்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வினிகர் சோதனை, நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது. ஏற்கெனவே நடுவில் படுகிறவர்கள், “சோதனையில ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க” என்று அத்தோடு நின்றுவிடக் கூடாது. மகப்பேறு மருத்துவரிடம் முழுப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், சதைப் பரிசோதனை வரை போக வேண்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும், விலக்கு தள்ளிப்போய்க் கொஞ்சம் ரத்தம் பட்டால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அபூர்வமாகக் கருக்குழாயில் கரு தங்குவதுண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம், வியர்வை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உள்ளே குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. நாள் தள்ளிப்போனதும் எள்ளு, வெல்லம், கருஞ்சீரகம் என்று கை வைத்தியம் செய்கிறவர்களும் முதலில் இதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் படுகிறதா? யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் விஷயம் இது. கர்ப்பப்பை வாயில் ஏதோ இருக்கிறது என்பதற்கு இது முக்கியமான அறிகுறி. பயமில்லாத சின்னப் புண்ணாகவும் இருக்கலாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். துர்நாற்றத்துடன் வெள்ளை படுவதும் அப்படியே.

விலக்கு நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரே ஒரு சொட்டுப் பட்டாலும் விடக் கூடாது. “மறுபடி வயசு திரும்புது பாரு” என்று கேலி பேசும் விஷயமில்லை இது. அப்படிப் படுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. மீதி ஒன்பது பேருக்கு இல்லை என்பது ஆறுதல். நீங்கள் அந்த ஒன்பதில் இருக்கிறீர்களா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 45-ஐத் தாண்டியவர்களுக்கு நடுவில் பட்டால், “நிக்கிற காலம், அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிற்கிற காலத்தில் சுற்று தள்ளித் தள்ளிப் போவது இயல்பு. நடுவில் நடுவில் படுவது இயல்பு என்று பார்க்காமல் சொல்லக் கூடாது.

அவசரப்பட்டு எடுக்கவும் வேண்டாம்

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. “பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்குக் கர்ப்பப்பை? எடுத்துப் போட்டுடு” என்று முப்பத்தைந்து வயதில் ஆபரேஷன்! மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியாகி, அரசே விசாரணைக் குழு அமைத்தது. நம் சேத்தியாத்தோப்புப் பக்கமும் கரும்புதான். நம் பெண்களும் குனிந்து நிமிர்ந்து உழைக்கிறவர்கள்தான். புண்ணுக்கு மருந்து, சதை வளர்ச்சிக்குச் சின்னச் சிகிச்சை, நார்க்கட்டிக்குப் பல வழிகள் என்று இருக்கின்றன. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், என்ன காரணம், சதைப் பரிசோதனை முடிவு என்ன, வேறு வழி இல்லையா என்று மூன்று கேள்வி கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

சித்த மருத்துவத்துக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. காரணம் தெரிந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று உறுதியானபிறகு வாருங்கள். இழந்த ரத்தத்தை மீட்க வேண்டுமே! அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை இருப்பது தெரிந்தது. அன்னபேதிச் செந்தூரம் போன்ற இரும்புச் சத்துள்ள மருந்துகளைச் சித்த மருத்துவரின் மேற்பார்வையில் சாப்பிடலாம். முருங்கைக்கீரை, கரிசலாங்கண்ணி, பேரீச்சை, கேழ்வரகு, நெல்லிக்காய் என்று உணவிலேயே எவ்வளவோ இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச் சத்து உடம்பில் சேராது.

என் சக சித்த மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எத்தனையோ அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் மகப்பேறு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நடுவில் படுகிறது என்று நம்மிடம் வரும் பெண்ணை, சூரணப் பொட்டலம் கட்டும் முன் பக்கத்து அறைக்கு அனுப்புவோம். அனுப்பிய பெண் திரும்ப நம்மிடமே வருவாள். முன்னைவிட நம்பிக்கையோடு வருவாள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். வயலுக்குப் போகிற பெண்ணுக்குக் காலை பத்து மணி என்பது வேலை நேரம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? சோதனையை மாதத்தில் ஒரு நாளாவது சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ வையுங்கள். பெண்கள் தானாக வருவார்கள். 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படும் என்று 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்ல காரியம். பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ ஊசிக்கு அழைத்தால், பெற்றோர் தயங்காமல் அனுப்புங்கள். ஆனால் அம்மாக்களுக்கு அந்த ஊசி பெரிதாகப் பயன்படாது, சோதனைதான் பயன்படும். மகளுக்கு ஊசி போட வருகிற அன்றைக்கே அம்மாவுக்குச் சோதனை செய்தால் என்ன?

கடைசியாக வீட்டு ஆண்களுக்கு... மனைவி, அம்மா, அக்கா யாராக இருந்தாலும் “ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், என்ன ஏது என்று துருவாதீர்கள். அன்றைக்கு அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை அனுப்பி வையுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். விருத்தாசலமும் சிதம்பரமும் ஒரு பஸ் தூரம்தான்.

அன்பு சகோதரிகளே! இந்தப் பக்கத்தை மூடும் முன் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் நடுவில் எப்போதாவது பட்டதா? பட்டது என்றால், இந்த வாரத்தில் எந்த நாள் போகப் போகிறீர்கள்?